ஜனீல் வீட்டுப் பாத்திரம்

கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஏப்ரன் நுனியால் துடைத்து, வெள்ளை டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டி, அதன்மேல் கறுப்பு மார்க்கரால் ‘ஸோரன்சன்’ என்று குடும்பப் பெயரை எழுதுகிறாள் ஜனீல். எழுதியதும் ஒரு தரம் ஊதுகிறாள். மை ஏற்கெனவே காய்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஊதுவாள். பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாலும் ஊதுவாள், கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் ஊதுவாள். பிறகு பாத்திரத்தை நிமிர்த்தித் துருவிய உருளைக்கிழங்கு, புளித்த கிரீம், சீஸ் எல்லாவற்றையும் அதில் கொட்டி, கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கித் தூவி அடுப்புக்குள் தள்ளுவாள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதற்குச் சாவு வீட்டு உருளைக்கிழங்கு என்று பெயர். சாவு வீட்டோடு அது நிற்பதில்லை. பிரசவத்துக்கும் அதுதான், பல் பிடுங்கினாலும் அதுதான், மகன் மதப் பணிக்கு வெளிநாடு போய் அம்மா அழுதுகொண்டிருந்தாலும் அதுதான்.

ஜனீல் சேர்ந்த கிறிஸ்தவ சபையை இனி மார்மன் என்று சொல்லாதீர்கள், அதன் முழுப் பெயரையும் சொல்லுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதை ஜனீல் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் நடுவில் ஒருமுறை இறங்கி இளைப்பாறிவிட்டு ஏறுவார்கள்.

சபையில் யாரும் பதவி கேட்டு வாங்குவதில்லை. பிஷப் கூப்பிட்டுக் கொடுப்பார், தலையாட்ட வேண்டும். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் குழாய் ரிப்பேர் செய்கிறவர் பிஷப் லண்ட். கஷ்டப்படுகிற வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்புகிற பொறுப்பை அவர் ஜனீலுக்குக் கொடுத்தது, அவள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு. முகம் தெரியவில்லை. இரண்டு பூட்ஸ்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பூட்ஸைப் பார்த்தே ஜனீல் சரி என்றாள். அன்றிலிருந்து ஊரில் யாருக்குத் தும்மல் வந்தாலும், ‘அ’வுக்கும் ‘ச்சூ’வுக்கும் நடுவில் அவள் வேன் வாசலில் வந்து நின்றுவிடும் என்று பேச்சு. இது மிகை. ‘ச்சூ’ முடிந்த பிறகுதான் நிற்கும்.

காபி கூடாது, டீ கூடாது, மது கூடவே கூடாது. ஆகவே மத்தியானத்தில் வேனைவிட்டு இறங்காமல், கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் போன்ற குவளையில் தேங்காய்ப் பாகும் கிரீமும் ஊற்றிய சோடா வாங்கிக் குடிப்பாள். “எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் இதுதான்,” என்று ஒவ்வொரு நாளும் புதிதாக ஒப்புக்கொள்வாள். பக்தி மட்டும் கலப்படமில்லாதது. சாவி தொலைந்தால் நின்ற இடத்திலேயே முழங்காலிட்டு ஜெபிப்பாள். எழுந்திருக்கும்போது சாவி கிடைத்திருக்கும். பெரும்பாலும் முழங்காலுக்கு அடியில்.

இவ்வளவு பேருக்குக் கொடுத்தவள் வீட்டுக்கு இந்த ஆகஸ்ட் வரை ஒரு பாத்திரம் உள்ளே வந்ததில்லை. ஆறு பிரசவத்திலும் வந்ததில்லை. ஏழாம் மாதத்திலிருந்தே சமைத்துச் சமைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுவாள். யாராவது கேட்டால், “ஐயோ, ஒரு கரண்டி வைக்கக்கூட எடமில்ல சிஸ்டர்,” என்று கதவைத் திறந்தே காட்டுவாள். சபையில் பெண்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சிஸ்டர். ஐந்தாவது பிரசவத்துக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வழியில் புதுக்குடித்தனம் வந்திருந்த ஒரு பெண் வீட்டு வாசலில் வேனை நிறுத்தச் சொன்னாள். “முப்பது நிமிஷம் சூடு பண்ணும்மா, ஓரம் செவக்கணும்,” என்று பாத்திரத்தை நீட்டினாள், ஒரு வலியைப் பல்லைக் கடித்துக் கடத்தினாள், “நாப்பதாவே வச்சுக்கோ,” என்று திருத்திவிட்டு ஏறினாள்.

எப்போதாவது பிறர் பாத்திரம் ஒன்று அவள் கைக்கு வந்து சேர்ந்தால், சர்ச் விருந்தில் மாறிப்போய் வந்திருந்தாலும் சரி, அதைக் காலியாகத் திருப்ப மாட்டாள். நாலு பிஸ்கட்டாவது, ஒரு வாழைப்பழ கேக்காவது உள்ளே இருக்கும். அந்த ஊரில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். ஜனீலுக்கு அது பழக்கத்துக்கும் மேலே.

ஆறு பிள்ளைகள். ஆறு பெயர்களும் பள்ளிக்கூடத்தில் முதல்நாள் டீச்சர் தடுக்கி விழுகிற பெயர்கள். கடைக்குட்டி ஓக்லிக்கு ஐந்து வயது. திங்கட்கிழமைதோறும் சபை வழக்கப்படி ‘குடும்ப மாலை’: ஜெபம், பாட்டு, பாடம், சண்டை, இனிப்பு என்ற வரிசையில் நடக்கும். சண்டை நிகழ்ச்சி நிரலில் கிடையாது, ஆனால் ஒரு வாரமும் தவறியதில்லை. ஆகஸ்ட் கடைசித் திங்களன்று பாடம், உண்மை பேசுதல்.

“இன்னிக்குப் பூரா பொய்யே சொல்லாம இருந்தது யாரு?” என்று ஜனீல் கேட்டாள்.

ஓக்லி மட்டும் கையைத் தூக்கினாள். “நான். என்கிட்ட இன்னிக்கு யாருமே ஒண்ணும் கேக்கல.”

அவள் நெற்றியில் தங்க நட்சத்திரம் ஒட்டப்பட்டது.

அதற்கு இரண்டாம் நாள்தான் ஜனீல் உலக முடிவுக்குள் விழுந்தாள். அவள் வீட்டு நிலவறையில், கடைசி நாட்களுக்கென்று வாளி வாளியாகக் கோதுமை இருக்கிறது. சில வாளிகள் மூத்த பையனைவிட வயதில் பெரியவை. அந்த வீட்டில் கோதுமை யாருக்கும் பிடிக்காது. உலகமே பட்டினியில் துடிக்கும்போது ஸோரன்சன் குடும்பம் மட்டும் இதை மென்றுகொண்டிருக்கும், மென்று முடிப்பதற்குள் அடுத்த உலகம் தொடங்கிவிடும். மேல் தட்டிலிருந்த தக்காளி டப்பாவை எடுக்க ஒரு வாளிமேல் ஏறினாள். மூடி உடைந்தது. இடது கால் முழங்கால்வரை கோதுமைக்குள் இறங்கிக் கணுக்கால் திருகிக்கொண்டது.

கணவன் ட்ரெண்ட் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், அதிர்ந்து பேசாத மனுஷன். வந்து பார்த்தவன் அன்று அதிர்ந்தே பேசினான்.

“எலும்பு போயிருக்கு ஜனீல். கெளம்பு.”

“எங்க?”

“சினிமாவுக்கா கூப்பிடுவேன்? ஆஸ்பத்திரிக்கு.”

“அங்க எக்ஸ்ரே எடுக்கிறது டார்லா சிஸ்டரோட மருமக. படம் வெளிய வர்றதுக்குள்ள அந்தம்மா அடுப்பப் பத்த வச்சிருவாங்க.”

“வைக்கட்டுமே. நாலு நாள் உக்காந்து சாப்பிடேன். நீ எத்தன பேருக்குக் குடுத்திருக்க?”

“அது வேற.”

“எப்படி வேற?”

“அது நான் குடுக்கிறது.”

ட்ரெண்டுக்கு அதற்குமேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஜனீலுக்கு ஒன்பது வயதில் அவள் அப்பாவின் தீவனக் கடை மூடிப்போனது. ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வீடு மற்றவர்கள் பெயர் ஒட்டிய பாத்திரங்களில் சாப்பிட்டது. கழுவிய பாத்திரங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கிற வேலை அவளுடையது. வாங்குகிற பெண்கள் மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பார்கள். கெட்ட எண்ணமில்லை, பழக்கதோஷம். உள்ளே ஒன்றும் இருக்காது. “பரவால்ல கண்ணு,” என்பார்கள். அந்தப் பரவால்ல கண்ணு முப்பது வருஷமாக அவள் தொண்டையில் நிற்கிறது.

ட்ரெண்ட் உறைந்த பட்டாணிப் பையைக் கொண்டுவந்து வீக்கத்தின்மேல் வைத்தான். படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓக்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓக்லி, இத யார்கிட்டயும் சொல்லக்கூடாது.”

“பொய் சொல்லணுமா?”

“பொய் இல்லம்மா. சும்மா சொல்லாம இருக்கிறது.”

“எனக்கு உள்ள நிக்க மாட்டேங்குதே. தானா வெளிய வருது.”

“வந்தா பரலோகப் பிதாகிட்ட சொல்லு. அவர்கிட்ட எத வேணாலும் சொல்லலாம்.”

ஓக்லி இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டாள்.

கால் உடைந்ததற்காக ஊருக்குச் சாப்பாடு போகாமல் இருக்குமா? பரணிலிருந்து பழைய தள்ளுவண்டியை இறக்கி, குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் பாத்திரத்தை வைத்து, பிடியை ஊன்றுகோலாக்கிக்கொண்டு ஜனீல் தெருவில் இறங்கினாள். வீங்கிய பாதம் செருப்பில் நுழையாததால் இடது காலில் ட்ரெண்டின் பனி பூட்ஸ். எதிரே வந்தது டார்லா ஆல்ரெட், பெண்கள் சங்கத் தலைவி, அறுபது வயதுக்காரி. ஜனீலுக்கு எதையாவது திருப்பிக் கொடுத்தே தீருவது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பல வருஷமாகக் காத்திருப்பவள்.

“என்ன ஜனீல், ஏழாவதா? சொல்லவே இல்ல?”

“உருளைக்கிழங்கு சிஸ்டர்.”

“யாரு ஜாடை?”

“ட்ரெண்டு ஜாடைதான்.”

டார்லாவின் பார்வை கீழே இறங்கியது. “ஆகஸ்ட்ல பனி பூட்ஸா?”

“இந்த வருஷம் சீக்கிரமே பனி கொட்டும்னு சொல்றாங்க.”

“ஒத்தக் காலுக்கு மட்டுமா கொட்டும்?”

ஜனீல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினாள். மூலை திரும்பும்வரை சிரிப்பை விடவில்லை. திரும்பிய பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பு ஞாயிறு. சனி ராத்திரியிலிருந்து சபையில் பெரியவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள். வயிற்றின் உறுமல் துதிப்பாட்டுக்குத் தாளம் போடும். அன்று பிரசங்கம் கிடையாது. மைக் எல்லாருக்கும் பொது. மனத்தில் பரிசுத்த ஆவியால் ஏவப்பட்டவர்கள் எழுந்துபோய்ச் சாட்சி சொல்லலாம். ஆவி முதலில் ஏவுவது எப்போதும் சிறுபிள்ளைகளைத்தான். எந்த அப்பா எந்த விளையாட்டைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார் என்பதெல்லாம் சபைக்கு இப்படித்தான் தெரிய வருகிறது.

ஜனீல் நீளப் பாவாடைக்குள் காலை மறைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த ஓக்லி இறங்கி நடந்தாள். எழுந்து ஓடிப் பிடித்திருக்கலாம், ஆனால் எழ முடிந்தால்தானே. எட்டிய கையில் தலை ரிப்பன் மட்டும் வந்தது.

பிஷப் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மைக்கைத் தாழ்த்தினார்.

“எனக்கு எங்க அம்மாவப் பிடிக்கும், அப்பாவப் பிடிக்கும், பூனையப் பிடிக்கும், அது செத்துப்போச்சு. சபை உண்மைன்னு எனக்குத் தெரியும்.” இங்கே ஓக்லி, வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி, கைகளைக் கட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “பரலோகப் பிதாவே, எங்க அம்மா உலகம் முடியறதுக்கு வச்சிருக்கிற கோதுமைல விழுந்துட்டாங்க. கால் பூசணிக்கா மாதிரி இருக்கு. ஊதா கலர்ல. ராத்திரி குளிக்கிற ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழறாங்க. டார்லா சிஸ்டருக்குத் தெரியக்கூடாதாம். அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில், ஆமென்.”

“ஆமென்,” என்றது சபை முழுவதும் ஒரே குரலில். ஜெபம் முடிந்தால் ஆமென் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜனீலின் வாயும் தன்னையறியாமல் சொல்லிவிட்டது. டார்லாவின் ஆமென் மட்டும் சற்றுத் தாமதமாக வந்தது. அவள் அதற்குள் கைப்பையில் பேனா தேடத் தொடங்கியிருந்தாள்.

மத்தியானம் மாவுக்கட்டு போட்டார்கள். சாயங்காலம் நோன்பு முடிகிற நேரத்துக்கு வாசலில் வரிசை நின்றது. உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு, கேரட் துருவிப்போட்ட பச்சை ஜெல்லி, மறுபடி உருளைக்கிழங்கு. முதலில் வந்தவள் டார்லா.

“ஃப்ரீசர்ல எடமில்ல சிஸ்டர்,” என்றாள் ஜனீல் சோபாவில் கிடந்தபடி, ஈனஸ்வரத்தில்.

“ஃப்ரீசருக்கு யாரு கொண்டாந்தா? வாயத் தெற.”

பிள்ளைகள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள்போல விழுந்து சாப்பிட்டார்கள். “நம்ம வீட்ல ஏன் இவ்ளோ ருசியா வர்றதில்ல?” என்று மூத்தவன் டார்லாவின் பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டே கேட்டான். அது ஜனீல் சொல்லிக்கொடுத்த பக்குவம். ஜனீல் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். அதை மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு இன்னொரு கரண்டி எடுத்தாள்.

செவ்வாயன்று பாத்திரத்தை வாங்கிக்கொள்ள டார்லா வந்தாள். கழுவித் துடைத்து மேடைமேல் தயாராக இருந்தது. ஜனீல் ஊன்றுகோலோடு அலமாரி அலமாரியாகத் திறந்தாள். பிஸ்கட் டின்னில் தூள்கூட இல்லை. பழக்கூடையில் ஒரு திராட்சைக் காம்பு. ஆறு பிள்ளைகள் இரண்டு நாளாக வீட்டில் இருந்திருக்கிறார்கள். அவள் பார்வை மெதுவாக நிலவறைப் படிப் பக்கம் போனது.

“அங்க பாக்காத,” என்றாள் டார்லா. “அந்தக் கோதுமை எனக்கு வேணாம். எங்க வீட்லயும் கெடக்கு, இதே வயசுல.”

“ஒரு பத்து நிமிஷம் இருங்க சிஸ்டர். ஒரு கேக்காவது...”

“என்னக் கூட்டிட்டு வந்த பிஷப் வாசல்ல வேன்ல காத்திட்டிருக்கார். பாத்திரத்தக் குடு.”

ஓக்லி நுனிக்காலில் எம்பி மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். “அம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல.”

“தெரியும்,” என்றாள் ஜனீல்.

டார்லா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். ஜனீல் பாத்திரத்தை எடுத்து, காலியான அதன் உட்புறத்தில் ஒரு தரம் ஊதிவிட்டு, அவள் கைகளில் வைத்தாள்.