அண்ணன் பூட்டிய தண்ணீர்

அண்ணனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "அவரைப் பற்றி எழுதும் தம்பி, உம்மடை நடுக்கத்தைப் பற்றி எழுதிப்போடாதையும்" என்று அண்ணி எச்சரித்திருக்கிறார். முயல்கிறேன். ஐந்து தாள் ஏற்கெனவே கிழிந்துவிட்டது.

அண்ணன் சாவகச்சேரிக்கு அருகே பிறந்தார். படிப்பைப் பாதியில் விட்டுக் குழாய் வேலை பழகினார். சண்டையில் இடம்பெயர்ந்து நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் கிணற்றுக்கும் மலகூடத்துக்கும் பத்தடிதான். வயிற்றோட்டத்தில் நான் சாகக் கிடந்தேன். (மற்ற நேரங்களில் கிடந்ததெல்லாம் வெறும் பயத்தில்.) அதன்பின் மூக்கருகே பிடித்து மணந்து பார்க்காத தண்ணீரை அண்ணன் எவருக்கும் கொடுத்ததில்லை.

பிறகு அமீரகத்தின் அல் ஐனில் ஒரு தொழிலாளர் கேம்ப். அறைக்குப் பன்னிரண்டு பேர், இருநூறு பேருக்கு எட்டுக் கக்கூஸ். அண்ணன் அங்கே பிளம்பர், நான் அவருக்கு உதவி. தண்ணீர் நீல டாங்கரில் வரும், கழிவு மஞ்சள் டாங்கரில் போகும். இரண்டும் கலக்காமல் பார்ப்பதே எங்கள் டியூட்டி.

ஊரில் மறுபடி சண்டை மூண்டிருந்த ஓகஸ்ட் மாதம். அண்ணன் சாமான் வாங்கப் போயிருந்தார். நீல டாங்கரின் ஹோஸ் தொட்டிக்கு எட்டவில்லை. டிரைவர், "யல்லா, ஜல்தி" என்று ஹோர்ன் அடித்தார். பதறினால் எனக்குக் கை முந்தும், மூளை பிந்தும். சுவரோரம் கிடந்த ஹோஸ் துண்டொன்றைப் பொருத்தித் தொட்டியை நிரப்பினேன். சாதித்த களிப்பில் மூன்று குவளை குடித்தேன். நாலாவதைத் திரும்பிவந்த அண்ணனிடம் நீட்டினேன்.

மணந்தார். "எந்த ஹோஸிலை விட்டனி?"

காட்டினேன். மஞ்சள் டாங்கர்க்காரன் மறந்துவிட்டுப் போனது.

கட்டிலில் விழுந்தேன். "அண்ணா, என்ரை சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பிவிடுவியளே?"

"எழும்படா. சாகிறவன் இவ்வளவு கதைக்கமாட்டான்."

அண்ணன் பிரதான வால்வைப் பூட்டி, கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பிழைவிட்டவனுக்கு விசா ரத்து. திரும்பிப்போக ஊரில் இடமில்லை.

ஐந்து மணிக்கு சைட்டிலிருந்து பஸ்கள் வந்தன. இருநூறு பேர், வெறும் வாளிகள். "பாய், பானி மாஃபி?" புதுக்கோட்டைக்காரர் ஒருவர், "ஏண்ணே, வெயில்ல வெந்து வந்தவனுக்கு மூஞ்சி கழுவக்கூடத் தண்ணி இல்லையா?" என்று நெருங்கினார். அண்ணன் வால்வின் மூடியில் உட்கார்ந்தே இருந்தார். "இதைக் குடிச்சால் நாளைக்கு இருநூறு பேருக்கும் எட்டுக் கக்கூசும் காணாது. பொறுங்கோ." சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. நான் அண்ணனின் முதுகுக்குப் பின்னால், எனக்கு மிகவும் பழகிய இடத்தில் நின்றேன்.

கேம்புக்குப் பொறுப்பான இன்ஜினியர் வந்தார். பாலஸ்தீனர். லெபனானில் நகரத்து நடுவே ஓர் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவர்.

"யாரைக் கேட்டு மூடினாய்?"

"நான்தான் மூடினேன், சேர். பிழையும் என்னுடையதுதான்," என்றார் அண்ணன்.

இன்ஜினியர் தொட்டிக்குள் குனிந்து மணந்தார். நிமிர நேரமெடுத்தது. பிறகு ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அவர்கள் சந்தில் குடிதண்ணீர்க் குழாய் கழிவுநீர்க் கானுக்குள்ளேயே ஓடுமாம். தலைக்குமேல் மின்கம்பிகள் கூந்தல்போலத் தொங்குமாம். மழைநாளில் மேலும் பயம், கீழும் பயம். தண்ணீர் நாறுவது எல்லோருக்கும் தெரியும், அடைக்க ஆளில்லை. வயிற்றோட்டத்தோடு கிளினிக் வரிசையில் காத்திருக்கும்போதே, தாயின் மடியில், அவருடைய நாலு வயதுத் தங்கை போய்விட்டாளாம்.

"அன்று எங்கள் சந்திலும் ஒருவன் இப்படி உட்கார்ந்திருக்கலாமே," என்றார்.

அண்ணனுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற என்னைப் பார்த்தார். "கலாஸ், முடிந்தது," என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நல்ல தண்ணீருக்கு டாங்கர்களை அழைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். அண்ணனோடு சேர்ந்து தேய்த்தார்.

அந்த ஹோஸைப் பொருத்தியவன் நான் என்று அண்ணன் ஒருவருக்கும் சொல்லவில்லை. அண்ணிக்கே இதை வாசிக்கும்போதுதான் தெரியும். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கடைசி நாளிலும் நான் குவளையை நீட்டியபோது, "மணந்தனியோ?" என்றுதான் கேட்டார்.

இராப்பகலாய்ப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், கேள்விப்பட்டு ஜோர்தானின் அம்மான் நகரிலிருந்து தொலைபேசியில் அழைத்த இன்ஜினியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளிக்குடம் என் தோளுக்கு வந்தது. கிணற்றில் அள்ளிக் குடத்தை நிரப்பியதும், "கெதியாத் தம்பி" என்று ஐயர் அவசரப்படுத்தினார். நான் அவசரப்படவில்லை. குனிந்து மணந்தேன்.

நல்ல தண்ணீர், அண்ணா.