சூரியன் உதிக்காத ஊரும் சோலைராஜும்

சோலைராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, இருபத்து மூன்று வருஷமாக இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில், ஆள்கள் வந்து போகிற நேரத்தைப் பதியும் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். வடக்கே மதுரை, தெற்கே சங்கரன்கோவில். அதற்கு அப்பால் அவர் கால் பட்டதில்லை. ஆனால் அவர் அபிப்பிராயம் சொல்லாத நாடு உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

காலை ஏழு இருபது பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு அவருடையது. எண்பத்தி நாலு, எண்பத்தி அஞ்சாம் வருஷத்திலேயே அந்தச் சீட்டைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். "ஜெர்மனிக்காரன் சிரிக்க மாட்டான்வே. ஒருத்தன்கூட சிரிக்க மாட்டான்" என்பார். "ஜப்பான்ல மனுசன் தூங்குறதே கெடையாது" என்பார். டிக்கெட் கொடுத்துக்கொண்டே கண்டக்டர் முத்துவீரன் கேட்பார்: "அண்ணாச்சி, நீங்க பாத்தீகளா?" "பாத்தாத்தானா? தெரியும்" என்று சோலைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முதல் ஷிப்ட் ஆள்கள் உள்ளே போன பிறகு டைம் ஆபீஸில் இரண்டு மணி நேரம் வேலையே இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி வலைக்குள்ளிருந்து பஞ்சுத் தூசி ஒவ்வொன்றாக மிதந்து வந்து, வெயில் விழுகிற இடத்தில் செத்த நேரம் நின்று, பொறவு எங்கேயோ போகும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கண் பாதி மூடும். அப்போது ஏதாவது ஒரு நாடு வரும். பழைய பேப்பரில் பார்த்த படமோ, காலண்டரில் பார்த்த பாலமோ மெல்லப் பெரிதாகி, அதில் ஆள்கள் நடக்க ஆரம்பிப்பார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்களோ அதைத்தான் மறுநாள் பஸ்ஸில் சொல்வார். சொன்னவுடன் அந்த ஊர் அவருக்குச் சொந்தமாகிவிடும்.

தொண்ணூற்றி எட்டு ஐப்பசியில் இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பத்மாசனி தன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, வாசலில் 'இன்டர்நெட்' என்று எழுதிப் போட்டாள். பத்மாசனிக்கு அப்போது முப்பத்தி ஆறு வயது. இராஜபாளையத்து டைப்பிஸ்டுகளில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். அதிகம் பேச மாட்டாள். சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்ப ஆறேகால் பஸ்ஸுக்குக் காத்திருந்த சோலைராஜ் ஒருநாள் மழைக்கு அங்கே ஒதுங்கினார்.

"இது என்னம்மா, டிவியா?"

"இல்ல சார். டிஸ்கஷன் போர்டு. நம்ம ஆளுக எங்கெங்கயோ இருந்து இங்கிலீஷ் எழுத்துல தமிழ எழுதுறாங்க. சுவத்துல எழுதி ஒட்டிட்டுப் போற மாதிரி. யார் வேணாலும் படிக்கலாம், யார் வேணாலும் பதில் ஒட்டலாம்."

சோலைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டார். இருபத்து மூன்று வருஷமாக நாலு பேர் கேட்டதை நாலாயிரம் பேர் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தபோது அவருக்கு லேசாகத் தலை சுற்றியது. அவர் சொல்லச் சொல்லப் பத்மாசனி அடிப்பாள். போன் லைன் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆகும், நடுவில் இரண்டு தடவை அறுந்துபோகும். அவருக்கு அது பெரிதாகப்படவில்லை. போர்டில் அவர் பெயர் 'சோலை'.

ஒரே மாதத்தில் 'சோலை' பேர் வாங்கிவிட்டார். போர்டிலும் எல்லாருமே அவரைப் போலத்தான் இருந்தார்கள். சிங்கப்பூரில் இருக்கிறவர் ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொன்னார். டெல்லியில் இருக்கிறவர் தெற்கத்திப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே குணம் என்று எழுதினார். அதற்கு அறுபது பேர் ஆமாம் போட்டார்கள். பார்த்தவன், பார்க்காதவன் என்ற வித்தியாசமே அந்தச் சுவரில் தெரியவில்லை. சோலைராஜுக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது.

மார்கழி பிறந்த வாரம், குளிர் நாடுகளுக்குப் போனவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. சோலைராஜ் சொன்னார், பத்மாசனி அடித்தாள்: 'ஐரோப்பாவுக்குப் போனவன் அம்புட்டு பேரும் சொகுசு கண்டவன். ஊரையும் பெத்தவளையும் மறந்தவன். வெயில் படாத உடம்பு, கவலை படாத மனசு.'

மறுநாள் அதன் கீழே ஒரு பதில் இருந்தது. பெயர் தவமலர். பத்மாசனி வாசித்தாள்.

'அண்ணை, நான் யாழ்ப்பாணம். எட்டு வருசமா நோர்வேயில வடக்கு முனையில ஒரு மீன் ஃபக்டரியில வேலை செய்யிறன். இஞ்ச இப்ப மத்தியானம் ஒண்டரை மணி. வெளியில இருட்டு. கார்த்திகைத் தொடக்கத்தில போன சூரியன் இனி தை மாசம்தான் வரும். வெயில் படாத உடம்பு எண்டு நீங்கள் சொன்னது சரிதான். கவலை படாத மனசு எண்டது சரியில்லை.'

சோலைராஜ் சிரித்தார். அவர் மனசுக்குள் இருந்த ஐரோப்பாவில் எப்போதும் ஒரே மாதிரி மஞ்சள் வெயில் அடிக்கும். ரெண்டு மாசம் சூரியன் வராத ஊர் அதில் எங்கேயும் இல்லை.

"அடிம்மா. 'சூரியன் உதிக்காத ஊர் உலகத்துலயே கெடையாது. அழுது காரியம் சாதிக்க எவனோ பொம்பளை பேர்ல கதை விடுறான்.'"

பத்மாசனியின் விரல் சாவிகளின் மேல் நின்றது. "சார், ஒருவேளை நெசமா இருந்தா?"

"நீ அடிம்மா. எனக்குத் தெரியும்."

அடித்தாள்.

நாலு நாள் கழித்து அதன் கீழே எண்பது பதில்கள் தொங்கின. 'சோலை ஐயா சரியாகப் பிடித்தார்.' 'அகதி என்று சொல்கிறவர்கள் எல்லாருமே இப்படித்தான்.' 'மீன் ஃபக்டரியில் கம்ப்யூட்டர் எப்படி வந்தது?' ஒருவர் சூரியன் பூமியைச் சுற்றும் விதத்தை நாலு பத்தியில் விளக்கி, அப்படி ஓர் ஊர் இருக்கவே முடியாது என்று முடித்திருந்தார். நடுவில் ஒரே ஓர் இடத்தில் தவமலர் எழுதியிருந்தாள்: 'நூலகத்தில இருந்து எழுதுறன். நான் பொய் சொல்லேல்லை.' அதற்குப் பிறகு அவள் பெயர் எங்குமே இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் சோலைராஜ் இந்தக் கதையைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு சீட்டு முன்னால் ஜயலக்ஷ்மி டீச்சர் உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருஷமாக அதே பஸ்ஸில் போகிறவர். ஒரு நாளும் சோலைராஜின் பேச்சில் தலையிட்டதில்லை. அன்றைக்குத் திரும்பிப் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு சொன்னது நெசம். வட துருவத்துக்குப் பக்கத்துல குளிர் காலத்துல சூரியன் எழும்பவே எழும்பாது. நான் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நடத்துற பாடம்."

முத்துவீரன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சோலைராஜுக்குப் பட்டது. மில் ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தார்.

அன்றைக்கு டைம் ஆபீஸில் பஞ்சுத் தூசி வழக்கம் போல மிதந்தது. எந்த நாடும் வரவில்லை. இருட்டு மட்டும் வந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு பெண் குல்லாய் போட்டுக்கொண்டு நடந்து போனாள். எவ்வளவு முயன்றும் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை. அவள் மத்தியானச் சாப்பாட்டை விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடுவாளா, குளிரில் விரல் மரத்துப் போகுமா, பக்கத்தில் யாராவது தமிழ் பேசுவார்களா, எதுவும் தெரியவில்லை. தனக்கு ஒன்று தெரியவில்லை என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. தண்ணீருக்குள் கால் வைத்துத் தரை தட்டுப்படாதது போல. மத்தியானம் வாசலுக்கு வந்து வெயிலில் நின்று கண்ணை மூடிப் பார்த்தார். இமைக்குள் சிவப்பாகத்தான் இருந்தது. இருட்டாகவே இல்லை.

சாயங்காலம் பத்மாசனியிடம் போனார்.

"அடிம்மா. 'நான் சொன்னது தப்பு. தவமலர் சொன்னதுதான் நெசம். எனக்குத் தெரியாம சொல்லிட்டேன்.'"

"அம்புட்டுத்தானா சார்?"

எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார். "இன்னொண்ணும் அடி. 'அந்த இருட்டுல எப்படிம்மா இருக்கீக?'"

அவர் வாழ்நாளில் ஊர் உலகத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். பத்மாசனி அதை இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினாள்.

போர்டு அவரைச் சும்மா விடவில்லை. 'சோலையை யாரோ மிரட்டிவிட்டார்கள்' என்றது. 'இவரும் அவளும் ஒரே ஆள்' என்றது. துபாயிலிருந்து ஒருவர், 'இராஜபாளையத்துக்காரனே இப்படித்தான், நாக்கு ஒரு நிலையில் நிற்காது' என்று எழுதினார். சோலைராஜ் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இந்த ஆள் இங்க வந்திருப்பானாம்மா?"

"தெரியல சார்."

"நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ம்மா. அதுகூடத் தெரியல அவனுக்கு" என்றார். கோபப்படப் பார்த்தார், வரவில்லை.

பொங்கல் முடிந்தது. தினமும் ஆறு மணிக்கு வந்து, பதில் இல்லை என்று தெரிந்துகொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் பேச்சு குறைந்துவிட்டது. உடம்புக்கு என்னமோ என்று முத்துவீரன் நினைத்துக்கொண்டார். தை பத்தாம் தேதி பத்மாசனி வாசலுக்கே வந்து நின்றிருந்தாள்.

"வந்திருக்கு சார்."

'அண்ணை, ஒரு மாசமா நான் இஞ்ச வரேல்லை. இண்டைக்கு வந்து பாத்தன். நீங்கள் தெரியாமச் சொன்னன் எண்டு எழுதியிருக்கிறியள். அந்தச் சுவரில வேற ஒருத்தரும் அப்பிடி எழுதினதை நான் காணேல்லை. எப்பிடி இருக்கிறன் எண்டு கேட்டியள். முழு இருட்டு இல்லை அண்ணை. மத்தியானத்தில கொஞ்ச நேரம் நீலமா ஒரு வெளிச்சம் வரும். பனியும் நீலம், கடலும் நீலம், ஆக்களின்ர முகமும் நீலம். முதல் வருசம் அழுதனான். இப்ப அந்த நேரம் வேலையை விட்டுட்டு ஜன்னலில நிப்பன். முந்தநாள் சூரியன் வந்தது. மலைக்கு மேல ஒரு நகம் அளவு. பத்து நிமிசம்கூட நிக்கேல்லை. சூரியன் வந்ததுக்குப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு பணிஸ் குடுத்தவை, நீங்கள் பன் எண்டு சொல்லுறது. நானும் ஒண்டு வாங்கிச் சாப்பிட்டன். உங்கட ஊரிலயும் மலை இருக்காம். சூரியன் எந்தப் பக்கத்தால இறங்கும்?'

சோலைராஜ் வாயைத் திறந்தார். பத்மாசனி சாவிகளில் விரலை வைத்துத் தயாராக இருந்தாள்.

"இரும்மா" என்றார். "பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து இராஜபாளையத்து மலையடிவாரத்தில் இருக்கிற அய்யனார் கோவிலுக்குப் போனார். மலைக்கு அருகில் போனால் சூரியன் நன்றாகத் தெரியும் என்பது அவர் எண்ணம். நாலு மணிக்கு முன்னாலேயே பள்ளத்தாக்கு நிழலாகிவிட்டது. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது. பாறை குளிர ஆரம்பித்தது. எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, ஒன்றும் தெரியவில்லை. ஈரக் காலோடு வீடு திரும்பினார்.

"எங்க போயிட்டு வாரீக?" என்றாள் வேலுத்தாய், அவர் மனைவி.

சொன்னார். தவமலரையும் சொன்னார். தான் எழுதச் சொன்ன வார்த்தைகளையும் விடாமல் சொன்னார். வேலுத்தாய் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம்? மாடிக்கு வந்தா தெரியுமே."

மறுநாள் டைம் ஆபீஸில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். மாடிப்படி ஏறி எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே மலை முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரே சாம்பல் நிறத்தில் படுத்திருந்தது. அதற்கு மேலே சூரியன் ஆரஞ்சு நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. சோலைராஜ் சட்டைப் பையிலிருந்து பேப்பரையும் பேனாவையும் எடுத்தார்.

"இப்ப சூரியன் மலையில அந்தப் பள்ளத்துக்குத் தெக்க இருக்கா?" வேலுத்தாய் காய்ந்த சேலையை மடித்துக்கொண்டே கையை நீட்டிக் காட்டினாள். "மார்கழில இன்னும் தெக்க கெடந்துச்சு. பங்குனி வாக்குல நேரா வந்துரும். ஆனி மாசம் பாத்தீகன்னா வடக்கே, அந்தா வத்திராயிருப்புப் பக்கமா அந்த மொட்டை உச்சி இருக்குல்ல, அங்க போயி விழும். பொறவு திரும்பும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருசமா இந்நேரம் இங்கதான நிக்கேன்."

சோலைராஜ் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் பாதி வெளிச்சமாக இருந்தது.

"செத்த மெதுவாச் சொல்லு" என்றார், பேப்பரைக் கைப்பிடிச் சுவர் மேல் விரித்து. "மார்கழில எங்க?"

அவள் சேலையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்று, தெற்கிலிருந்து ஆரம்பித்தாள்.