பாஸ் என்றால் பதினேழு

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, பிலோமினா டீச்சர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லத் தயங்கி, ஒரு முழு பருப்பு வடையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"சார், உங்க பார்ட்னர் பாஸ் சொன்னா என்ன அர்த்தம்?"

உத்தமபாளையத்தில் எங்கள் மனமகிழ் மன்றம். பெயரைக் கேட்டுச் சந்தேகப்பட வேண்டாம் — டீ, வடை, பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டம், அவ்வளவுதான். பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு: எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடி. ஆட்டம் தொடங்குமுன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ட்னருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் 'ஒரு ஸ்பேடு', 'மூணு ஸ்பேடு', 'பாஸ்' என்று இப்படிச் சில வார்த்தைகளில்தான். கண்ணடிக்கக் கூடாது. கனைக்கக் கூடாது. ஏஸுக்கு நாலு பாயின்ட், ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒண்ணு. பன்னிரண்டு பாயின்ட் இருந்தால் வாயைத் திறக்கலாம். இல்லையென்றால் பாஸ்.

என் பார்ட்னர் சவரிமுத்து அண்ணன். ராயப்பன்பட்டி. பன்னீர் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குள் நிமிர்ந்து நடந்தால் கொத்து கொத்தாகத் தலையில் இடிக்கும். அப்போது போய், "காய்ப்பு எப்படிண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள்.

"ஏதோ இருக்குப்பா."

கண்ணு பட்டுவிடுமாம். "ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறவுக இதையெல்லாம் நம்பலாமாண்ணே?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எனக்குச் சாமிகிட்ட பயம் இல்ல தம்பி. பக்கத்துத் தோட்டக்காரன்கிட்டத்தான்."

இந்த வாயோடுதான் பிரிட்ஜ் ஆட வருகிறார். கையில் பதினேழு பாயின்ட் இருக்கும். முகமோ மழையில் தோட்டத்தைப் பறிகொடுத்தவர் மாதிரி இருக்கும். சொல்வது — பாஸ்.

நான் நேர் எதிர். பத்து பாயின்ட் வந்தாலே எனக்குப் பதினாலாகத் தெரியும். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இது புதிதல்ல. எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் என்றால், என் மனைவி அதில் நாலைக் கழித்துவிட்டு மிளகு ரசம் வைக்கிறாள்.

ஆனாலும் இரண்டு வருடமாக நாங்கள் நன்றாகவே ஆடினோம். எப்படி? அண்ணன் சொன்னதோடு நான் கூட்டிக்கொள்வேன். நான் சொன்னதிலிருந்து அண்ணன் கழித்துக்கொள்வார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கல்யாணமாகிப் பல வருடமான தம்பதிகள் மாதிரி...

இப்போது டீச்சர் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு அண்ணன் பாஸ். நான் வெறும் ஒன்பது பாயின்ட்டை வைத்துக்கொண்டு தெம்பாக ஆரம்பித்தேன். டீச்சர் முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவர். விடுவாரா? பார்ட்னரின் பேச்சுக்கு எனக்கு என்ன அர்த்தம் தெரியுமோ, அதை எதிராளி கேட்டால் சொல்லியாக வேண்டும். அது விதி.

வடையை விழுங்கினேன்.

"தோட்டம் நல்லாக் காய்ச்சிருக்குன்னு அர்த்தம் டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஒண்ணு, உங்க பாஸுக்கு இதுதான் அர்த்தம்னு எழுதிக் குடுங்க. இல்லையா, ரெண்டு பேரும் உள்ளதச் சொல்லப் பழகுங்க."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏனென்றால் அடுத்த சனிக்கிழமைதான் முக்கியம். முதலில் வரும் ஜோடி மதுரைப் போட்டிக்குப் போகும். அண்ணன் இருபது வருடமாக ஆடுகிறார். ஒரு தடவைகூடப் போனதில்லை. என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது சொன்னார்:

"அடுத்த வாரம் உள்ளத உள்ளபடி சொல்லுவோம். இந்த வாட்டியும் மதுரை இல்லேன்னா நம்ம ஜோடி அம்புட்டுதான். நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

போன சனிக்கிழமை. கடைசி ஆட்டம். டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் எங்களுக்கு ஒரு மயிரிழை முன்னால். நான் சீட்டை விரித்தேன். பதினாறு பாயின்ட். நிஜமான பதினாறு — மூன்று தடவை எண்ணினேன். "ஒரு ஸ்பேடு" என்றேன், அடக்கமாக.

அண்ணன் தொண்டையைக் கனைக்காமல், தெளிவாகச் சொன்னார்: "மூணு ஸ்பேடு."

அதற்கு அர்த்தம், 'எங்கிட்டப் பதினொண்ணு இருக்கு, தெம்பிருந்தா நாலுக்குப் போ.' நான் நாலு சொல்லியிருக்க வேண்டும். நாலு என்றால் அதோடு ஆறைக் கூட்டி, பதின்மூன்று சுற்றில் பத்தை ஜெயித்தால் போதும்.

ஆனால் என் மூளை என்ன சொன்னது தெரியுமா? 'பாஸ்லயே பதினேழு வச்சிருந்த மனுஷன் வாயைத் திறந்து மூணுங்கிறாக. அங்கன பந்தலே சாயுற அளவுக்குக் காய்ச்சிருக்கு.'

"ஆறு ஸ்பேடு" என்றேன்.

ஆறு என்றால் பன்னிரண்டு சுற்று ஜெயிக்க வேண்டும். ஆட்ட முறைப்படி அண்ணன் தன் சீட்டை மேசையில் விரித்தார். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. கச்சிதமாக, டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, பதினொன்று.

பத்து சுற்று ஜெயித்தோம். டீச்சர் மதுரைக்குப் போகிறார்.

"நான் உள்ளதத்தானப்பா சொன்னேன்" என்றார் அண்ணன்.

"நானும்தாண்ணே."

"பொறகு பொய் சொன்னது யாரு?"

யோசித்துப் பார்த்தேன். யாருமே இல்லை. எனக்கு இன்னும் அதுதான் ஆச்சரியம். இரண்டு பேரும் முதல் தடவையாக உண்மை பேசினோம், முதல் தடவையாக நான் அண்ணனைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். வாய்க்குச் சொல்லிவைத்த நாங்கள், காதுக்குச் சொல்ல மறந்துவிட்டோம். ஒரு வேளை நான் வீட்டில் ஒரு நாள் உள்ளபடி "நூற்று மூன்று" என்றால்... அன்றைக்கும் ரசம்தான்.

பைக்கில் வந்த அண்ணன் ராயப்பன்பட்டியில் இறங்கினார். வேற ஆள் பார்த்துவிட்டாரோ? கேட்கப் பயமாக இருந்தது. நாலு எட்டு போய்விட்டுத் திரும்பினார்.

"சனிக்கிழமை... நேரமிருந்தா வா."

எனக்கு உயிர் வந்தது. நானும் இரண்டு வருடமாகக் கூட்டிப் பழகியவன்தானே. கண்டிப்பாக வந்துவிடு என்று அர்த்தம்.

"நாளைக்குப் பழம் வெட்டுறோம்" என்றார் மறுபடியும். "அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாரு. ஒண்ணு ரெண்டு கொத்து கிடக்கும்."

மறுநாள் பைக்கை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன் — டிக்கியைக் காலி செய்துவிட்டு.