பத்தாவது பாட்டு

ஊரெல்லாம் அவளை 'மெஷின்' என்று கூப்பிட்டது. அந்த மெஷினை ஓட்டியவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாராவது வந்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டான் இந்த ஆள் என்று சொல்லக் கூடாது.

இருபத்தேழு வருஷமாக ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பாட வராது. அடுத்தவர் பாடுவதில் குற்றம் கண்டுபிடிக்க நன்றாக வரும். பத்தொன்பது வயதில் அவள் முதல் பாட்டைப் பாட வந்தபோது பெரிதாகக் குற்றம் ஒன்றும் இல்லை. குரலில் லேசான கரகரப்பு, அவ்வளவுதான். இசையமைப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. "எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளன்னு இருக்கணும்" என்றார். நானும் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு எழுத்தாக இஸ்திரி போட்டேன். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. பஸ்ஸில், சலூனில், பக்கத்து வீட்டுக் குழந்தையின் வாயில், எங்கே திரும்பினாலும் அந்த டம்ளர்தான்.

ஆறு மாதம் கழித்து வேறொரு கூடத்தில் ஒரு புண்ணியவான், அவள் ஒத்திகையில் அரைக்குரலில் முனகியதை ரகசியமாகப் பதிந்து வெளியே விட்டான். தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாப் பாடகர்களும் அப்படித்தான் முனகுவார்கள். அது ஊருக்குத் தெரியுமா? "இதுதான் அசல் குரல், மிச்சமெல்லாம் மெஷின்" என்று சிரித்தார்கள். அடுத்து வந்த அவளுடைய மூன்று பாட்டுகளை நாய்கூடச் சீந்தவில்லை.

அவளுக்கு அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வளர்த்தது அத்தை. சலவைக் கடையில் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நிற்பவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. அந்தக் காலத்துப் பாடகிகள் பாடிய பழைய பாட்டுகளைப் பாடி ஆல்பம் போடலாம் என்று கம்பெனி சொன்னபோது இரண்டு பேரும் நேராக என்னிடம்தான் வந்தார்கள்.

"கெடுத்தது நீங்கதான். நீங்களே சரி பண்ணிக் குடுங்க" என்றாள் அவள்.

"மூஞ்சியப் பாரு, திருட்டு முழி. இந்த ஆள் செய்வாருங்கறே?" என்றாள் அத்தை, என் எதிரிலேயே.

பத்துப் பாட்டு. பழைய பாட்டுகளின் உரிமையை வைத்திருந்தவர்கள் அந்த மாதக் கடைசி வரைக்கும்தான் அனுமதி கொடுத்திருந்தார்கள், அதுவும் பத்தும் சேர்ந்து வந்தால்தான். அவள் தன் பங்குக்கு இரண்டு நிபந்தனை போட்டாள். ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சாகப் பாடுவாள். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, சுருதியைத் தொடக் கூடாது. பிசகினால் மறுபடி முதலிலிருந்து. இது முதல் நிபந்தனை. ஒத்திகையை நான் பதியக் கூடாது என்பது இரண்டாவது.

எங்கள் தொழிலில் இரண்டாவதை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். "ரெக்கார்டு போடலைம்மா, நீ சும்மா பாடு" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்துவதுதான் வழக்கம். பாடுகிறவர்கள் யாரும் பதியவில்லை என்று நினைக்கும்போதுதான் பிரமாதமாகப் பாடித் தொலைப்பார்கள். அந்தப் பொய்யை நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். அவளுக்கும் அது தெரியும். அதனால், பதிவு ஓடினால் அவள் நிற்கும் அறைக்குள் ஒரு சிவப்பு பல்பு எரியும்படி என்னையே ஒயர் இழுக்க வைத்தாள். இழுத்தேன். மீற மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன். அவளுக்கு நான் செய்தது அப்படி, வேறென்ன செய்ய?

மூன்று வாரத்தில் ஒன்பது பாட்டு முடிந்தது. சில பாட்டு இரண்டாவது தடவையிலேயே அமைந்தது. நாலாவது பாட்டுக்குப் பதினோரு தடவை ஆனது. வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொள்ளும், "மறுபடி, அண்ணா" என்பாள். தன் கரகரப்பை மறைக்காமல் பாடினாள். பழைய பாட்டு எதையும் பழைய மாதிரி பாடவில்லை. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வெட்கம். இந்தக் குரலையா இஸ்திரி போட்டேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

ஆறாவது பாட்டுக்குப் பிறகு அவள் இருமும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. அத்தை தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். குரல் நாணில் மிளகளவு கட்டி, அதைச் சுற்றி ரத்தக் கசிவு. பத்து நாள் தள்ளி ஒரு திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் நாள் குறித்த டாக்டர், "அதுவரைக்கும் வாயே திறக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு பழைய குரல் வரலாம், வராமலும் போகலாம். இரண்டு பேரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சளி என்றார்கள். அவள் இன்னும் மூன்று பாட்டுப் பாடினாள்.

பத்தாவது பாட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் அத்தை விஷயத்தை உடைத்தாள். "திங்கக்கிழமை கத்தி வைக்கிறாங்க. இன்னைக்கு ஒரே ஒரு தடவைதான் பாடுவா. அதுக்கு மேல பாடச் சொன்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

நிறுத்திவிடலாம் என்றேன். அவள் தன் போனில் எழுதிக் காட்டினாள்: 'ஒன்பது பாட்டு பாடினவள்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மெஷின்னுதான் சொல்லுவாங்க.'

அத்தை ஃபிளாஸ்கில் வெந்நீர் நிரப்பக் கீழே இறங்கிப் போனாள். அவள் உள்ளே போய் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

"லெவல் பாக்க ரெண்டு வரி மட்டும், அண்ணா. மெதுவாத்தான் பாடுவேன். போடாதீங்க."

"போடல" என்றேன். உண்மையிலேயே போடவில்லை.

அது, விட்டுப்போனவன் வருவான் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கும் ஒருத்தி பாடும் பாட்டு. இரண்டு வரி மெதுவாகத்தான் பாடினாள். மூன்றாவது வரியில் குரலை விட்டுவிட்டாள். நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. பல்லவி முடிந்து முதல் சரணத்துக்குள் போனாள். கண்ணை மூடியிருந்தாள். என் கை பட்டனுக்குப் பக்கத்தில் போனது. அழுத்தினால் பல்பு எரியும், மூடிய கண்ணிலும் அந்தச் சிவப்பு தெரியும், பாட்டு நின்றுவிடும். இனிமேல் போட்டாலும் பாதிப் பாட்டுதான், பாதியை வைத்து என்ன செய்ய? இவ்வளவு நன்றாகப் பாடுகிறவள் இன்னொரு தடவை பாட மாட்டாளா? இப்படி ஒரு மடையன் யோசித்துக்கொண்டிருக்க, இரண்டாவது சரணத்தில் அந்தப் பெரிய ஏற்றத்தையும் ஏறி இறங்கிப் பாட்டை முடித்துவிட்டாள். என் கை மேஜை மேல் கிடந்தது.

அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள். "இப்ப போடுங்க, அண்ணா."

பல்பு எரிந்தது. மூன்றாவது வரியில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள், காற்று. வாயில் வைத்து எடுத்த காகிதக் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. நான் எழுந்து உள்ளே ஓடினேன்.

"அண்ணா" என்றாள். குரலே இல்லை, உதடும் மூச்சும்தான். "முதல்ல பாடினது போட்டிருக்கீங்கல்ல?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க. எல்லாரும் போடுவீங்க, எனக்குத் தெரியும். ஒயரக் கழட்டிட்டுப் போட்டிருப்பீங்க. நான் திட்ட மாட்டேன், அண்ணா. சத்தியமா திட்ட மாட்டேன்."

"பேசாதேம்மா. இல்ல. நான் போடல."

என்னைத் தள்ளிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தாள். ஒன்பது பாட்டு இருந்தது. பத்தாவதில் அந்தக் கிழிசல் மட்டும் இருந்தது. அதையும் இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். கதவில் ஃபிளாஸ்கோடு நின்ற அத்தைக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"வாழ்நாள் பூரா புளுகின வாய்தானே?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். "இன்னைக்குன்னு பாத்து யோக்கியனாயிட்டியா? எம்பொண்ணுகிட்டதானா உன் யோக்கியத்தனத்தைக் காட்டணும்?"

நான் வாங்கிக்கொண்டேன். இருபத்தேழு வருஷத்தில் ஒருத்தி கேட்டபடி நடந்தேன், அதிலேயே அவள் குடி கெட்டது. அந்த நினைப்பு இன்றைக்கும் சோறு இறங்கும்போது நெஞ்சில் வந்து நிற்கிறது.

கம்பெனி மேனேஜர் சனிக்கிழமை வந்தார். ஆள் கெட்டவர் இல்லை, ஆனால் மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது. "ஒன்பது பாட்டுல அவ குரல் கெடக்குதுல்ல, சார்? வெட்டி ஒட்டிப் பத்தாவதச் செஞ்சிடுங்க. இல்லேன்னா ஒன்பதும் குப்பைக்குத்தான் போகும்." நான் மாட்டேன் என்றேன். அதனால் என்ன, செய்ய ஆளா இல்லை? வேறொருத்தன் செய்தான், சுத்தமாகவே செய்தான். அவள் அப்போது தொண்டையில் தையலோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள்.

ஆல்பம் வெளிவந்து நாலாவது நாள், காது உள்ள எவனோ பத்தாவது பாட்டைப் பிரித்துப் போட்டு, எங்கெங்கே ஒட்டு இருக்கிறது என்று புட்டுப் புட்டு வைத்துவிட்டான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. 'மெஷின் திரும்பி வந்தாச்சு' என்று ஊர் சிரித்தது. மிச்சம் ஒன்பதும் அப்படித்தான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். ஒரே மூச்சில் பாடியது, பதினோரு தடவை மறுபடி நின்று பாடியது, எதையும் யாரும் நம்பவில்லை. நானும் மூன்று இடத்தில் எழுதிப் பார்த்தேன். 'மெஷின்காரனே வந்து சாட்சி சொல்றான்' என்று அதற்கும் சிரிப்பு.

ஐந்து வாரம் கழித்து அத்தையிடமிருந்து போன் வந்தது. "உங்களைப் பாக்கணுங்கறா. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம்தான் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இன்னைக்குக் காலையிலேருந்து யார்கிட்டயும் பேசாம உங்களுக்குன்னு வெச்சிருக்கா. சீக்கிரம் வாங்க."

சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழிருந்து நீராவி வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள், இளைத்திருந்தாள். அத்தை கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

"வாங்க, அண்ணா" என்றாள். அது வேறு யாரோ பெண்ணின் குரல். தாழ்ந்து, தட்டையாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு நான் பாடினதைக் கேட்டது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். நிஜமாவே நல்லா இருந்துச்சா?"

"என் சர்வீஸ்ல அப்படி ஒண்ணு நான் கேட்டதே இல்லம்மா."

"எப்படிப் பாடினேன்? சொல்லுங்க. அந்த ரெண்டாவது சரணம், அந்த ஏத்தம், அதை எப்படி எடுத்தேன்?"

வாயைத் திறந்தேன். மீட்டரில் பச்சைக் கோடு எதுவரைக்கும் ஏறியது என்று ஞாபகம் இருந்தது. பட்டன் பக்கத்தில் என் விரல் நின்றது ஞாபகம் இருந்தது. பாட்டு வரவில்லை.

"பாடிக் காட்டுங்க, அண்ணா. சும்மா முனகினாப் போதும்."

முனகினேன். என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஏற்றத்தின் வளைவு ஓரளவுக்கு வந்தது என்றுதான் நினைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அது பழைய ரெக்கார்டுல இருக்கிறது. நான் அப்படிப் பாடல."

"அப்ப நீயே சொல்லும்மா. எப்படிப் பாடினே?"

கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது.

"எனக்கும் பழைய ரெக்கார்டுதான் கேக்குது, அண்ணா" என்றாள்.

அஞ்சு நிமிஷம் ஆச்சு என்று உள்ளேயிருந்து அத்தை சொன்னாள்.