கப்பல் வாசலில் அளவு பார்த்தவர்

அந்தக் கேளிக்கைப் பூங்காவில் அவரைக் கோட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. பத்தொன்பது வருஷம் ஊஞ்சல் மாதிரி ஆடும் கப்பல் ராட்டினத்தின் வாசலில் நின்றவர். வேலை ஒன்றே ஒன்று. வாசலில் ஓர் இரும்புத் தூண், அதில் நூற்றிருபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. பிள்ளையின் தலை கோட்டைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே. காதால் கேட்டால் சும்மா நிற்கிற வேலை மாதிரி இருக்கும். நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் வெந்துவிட்டு வருகிற தகப்பனிடம், உன் பிள்ளை ஒரு விரல் குறைச்சல், திரும்பிப் போ என்று சொல்ல வேண்டும். பிள்ளை அழும். தாய் சபிப்பாள். பின்னால் நிற்கிறவன் நியாயம் பேச வருவான்.

"அடுத்த மாசம் வளந்துடுவா சார்."

"அப்ப அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க."

"நான் கெட்டியா புடிச்சுக்கறேன் சார், என் பொறுப்பு."

"கப்பல் மேல போறப்ப உங்களையே யாராவது புடிக்கணும். நகருங்க."

பெற்றவர்கள் செய்கிற தில்லுமுல்லுக்கு அளவே கிடையாது. உச்சியில் கொண்டை போட்டுக் கூட்டி வருவார்கள். தடித்த அடி வைத்த செருப்பு வாங்கிப் போடுவார்கள். குதிகாலைத் தூக்கச் சொல்லிக் கண் ஜாடை காட்டுவார்கள். அவர் செருப்பைக் கழற்றச் சொல்வார், கொண்டையை உள்ளங்கையால் அமுக்குவார், குதிகாலைக் குனிந்து பார்ப்பார். சொந்த மகளையே ஒரு விடுமுறை நாளில் அத்தனை பேர் முன்னால் திருப்பி அனுப்பினவர். பெண்டாட்டி மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவரும் சமாதானம் சொல்லவில்லை.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. கப்பலில் ஒரு வரிசைக்கு ஒரே கம்பி. மடிக்கு மேலே இறங்கிப் பூட்டிக்கொள்ளும். வரிசையில் யார் பருமனோ அவர் தொடையில் வந்து கம்பி நின்றுவிடும். பக்கத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பானையை நுழைக்கலாம். கால் கீழே எட்டுகிற பிள்ளை உதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். எட்டாத பிள்ளை, கப்பல் உச்சிக்குப் போய் ஒரு கண்சிமிட்டு நிற்கிறபோது, ஈரச் சோப்பு மாதிரி அடியில் வழுக்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சி கொடுத்த ஆள் பெரிய மணல் மூட்டையையும் பக்கத்தில் சின்ன மூட்டையையும் வைத்து ஆட்டிக் காட்டினார். நாலாவது ஆட்டத்தில் சின்ன மூட்டை வெளியே வந்து விழுந்து கிழிந்தது. அந்த மணலைக் கூட்டி அள்ளினது இவர்தான். அன்றிலிருந்து அந்தக் கோடு இவருக்கு ரத்தத்தில் ஏறிவிட்டது.

கப்பலின் பிட்டர் இவருடைய மைத்துனன், பெண்டாட்டிக்கு இளையவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் இவரே மேனேஜரிடம் சொல்லி வேலைக்கு வைத்தது. காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் அவன் ஒவ்வொரு வரிசையாகக் கம்பியை இறக்கி, பூட்டின் இரும்புப் பல் விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பான். மணல் மூட்டை வைத்து மூன்று ஆட்டம் விடுவான். பிறகுதான் நோட்டில் கையெழுத்து.

மழைக்காலம் வந்தது. வாசல் சிமெண்டுத் தரை பாசி பிடித்து வழுக்கியது. ஒரு அம்மாள் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். கோட்டுக்காரர் ஸ்டோர்காரரை ஒரு வாரம் விடாமல் துரத்தினார்.

"இன்னொருத்தர் மண்டை உடையட்டும், அப்புறம் விரிப்பு தருவீங்களா?"

"யோவ், உன் தொல்லை தாங்கல. குழந்தைங்க வெளையாடற எடத்துக்கு வாங்கினது மிச்சம் கெடக்கு. தூக்கிட்டுப் போய்த் தொலை."

நல்ல கனமான ரப்பர் விரிப்பு. சதுரம் சதுரமாக, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிற மாதிரி. இவரும் மைத்துனனுமாக வாசலிலிருந்து படி வரைக்கும், தூணைச் சுற்றியும் பதித்தார்கள். வழுக்கல் நின்றது. இவருடைய குதிகால் வலியும் பாதி நின்றது. "இது தெரியாம இத்தனை வருஷம் சிமெண்டுல நின்னுட்டேனே" என்று வீட்டில் வந்து சொன்னார். அந்த வாரம் அவர் சிரித்த முகமாகவே இருந்தார் என்று பெண்டாட்டி பிற்பாடு சொன்னாள்.

நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது.

ஏழு வயதுப் பெண் குழந்தை. மஞ்சள் கவுன். செருப்பைக் கழற்றச் சொன்னார், தலைமுடியை அமுக்கினார். கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழை கூடவே இருந்தாள்.

"தாத்தா, நான் பாஸா?"

"பாஸ். ஓடு."

நாலாவது வரிசையில் தகப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தகப்பன் நல்ல ஆகிருதி. கப்பலில் எல்லாரும் கத்துவார்கள், அது தினப்படி சத்தம், காது பழகிப்போனது. ஆறாவது ஆட்டத்தில் வந்த சத்தம் வேறு. இவர் திரும்புவதற்குள் இயக்குகிறவன் நிறுத்தப் பொத்தானை அடித்துவிட்டான். ஆனால் அத்தனை பெரிய கப்பல் நில் என்றால் உடனே நின்றுவிடாது. வேகம் குறைந்து, குறைந்து, இன்னும் பதினோரு தடவை ஆடியது. பதினோரு தடவையும் அந்தக் குழந்தை வரிசைகளுக்கு நடுவே இரும்பில் உருண்டது. தகப்பன் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டு கையை மட்டும் நீட்டினான். எட்டவில்லை.

இடுப்பெலும்பு முறிந்தது. தாடை முறிந்தது. உயிர் இருந்தது.

அன்று சாயங்காலமே மேனேஜர் எல்லாரிடமும் எழுதி வாங்கினார். கோட்டுக்காரர் சொன்னார்: "தலை கோட்டுக்கு மேல இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்." கையெழுத்துப் போட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. உயரம் சரி என்றால் கம்பிதான் தப்பு. கம்பி என்றால் பிட்டர். மைத்துனனை வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தன் கையெழுத்து மைத்துனன் கழுத்தில் விழுந்தது இவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பார்த்ததைத்தானே சொல்ல முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

மூன்றாம் நாள் டீ குடிக்கிற இடத்தில் காவல்காரர் சொன்னார்: "அண்ணே, அந்தப் பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரியில என்ன சொல்றா தெரியுமா? பள்ளிக்கூடத்துல போன வாரம்தான் அளந்தாங்களாம். நூத்திப்பதினேழுதானாம். எப்படி ஏத்துனீங்கன்னு கேக்குறா."

இவருக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "பள்ளிக்கூடத்துல ஸ்கேல் வச்சு அளந்திருப்பான். பத்தொன்பது வருஷத்துல ஒரு பிள்ளைய நான் தப்பா விட்டதில்ல. இப்பவே நிரூபிச்சுக் காட்டறேன் வாங்க" என்று தச்சரிடம் இரும்பு டேப்பை வாங்கிக்கொண்டு போனார். காவல்காரர் வரவில்லை. தனியாகத்தான் போனார்.

கயிறு கட்டி மூடிவைத்திருந்த வாசலில் நுழைந்து, டேப்பின் நுனியைக் காலால் மிதித்து மேலே இழுத்தார். கோட்டில் நூற்றுப்பதினாறு என்று காட்டியது. டேப் வளைந்திருக்கும் என்று மறுபடி இழுத்தார். நூற்றுப்பதினாறு. குனிந்து நுனி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். ரப்பர் மேல் நின்றது. ஒரு சதுரத்தைப் பெயர்த்து, சிமெண்டில் வைத்து அளந்தார். நூற்றிருபது.

இரண்டு விரல் கனம் உள்ள செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, இரண்டு விரல் கனம் உள்ள ரப்பர் மேல் நிற்க வைத்து அளந்திருக்கிறார். நாற்பது நாள். தரை ஏறியது, கோடு ஏறவில்லை. கோட்டைப் பார்த்த கண் காலடியைப் பார்க்கவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, நீங்க என்ன எழுதிக் குடுத்தீங்க? கோட்டுக்கு மேலன்னு. கோடு எங்க இருக்கு? நூத்திருபதுல. யாரும் பொய் சொல்லலையே."

"விரிப்பு இருக்கே சார்."

"நாளைக்கு மத்தியானம் கவர்மெண்டு பாதுகாப்பு ஆபீசர் வர்றாங்க. காலையில விரிப்பு இருக்காது."

"அப்ப என் மச்சான்?"

"யாராவது ஒருத்தர் பழியத் தூக்கித்தான் ஆகணும். கம்பின்னா அவன் ஒருத்தனோட போயிடும். விரிப்புன்னா நீங்க, நான், ஸ்டோரு, முதலாளி, பூங்காவே பூட்டு. முந்நூறு பேர் பொழப்பு. அவனுக்கு வயசு இருக்கு, வேற எடத்துல பொழச்சுக்குவான். போய்ப் படுங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மைத்துனன் சமையல்கட்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் கை இரண்டும் மடிமேல் எதையோ பிடித்து இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. அவனுக்கே தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

"மாமா, இப்ப ஞாபகம் வருது. நாலாவது வரிசைய நான் இழுக்கல. மூணு இழுத்தேன், போன் வந்துச்சு, பேசிட்டு நேரா அஞ்சாவதுக்குப் போயிட்டேன். நாளைக்கு அப்படியே எழுதிக் குடுத்துடறேன்."

"உன் போன் அன்னிக்குக் காலையில எங்கிட்டல்ல இருந்துச்சு. சார்ஜ் போடக் குடுத்தியே."

"அப்ப வேற ஏதோ. இழுக்கல மாமா. நல்லா ஞாபகம் இருக்கு."

இவர் பக்கத்தில் உட்கார்ந்து விரிப்பைப் பற்றிச் சொன்னார். மைத்துனன் முழுவதும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். "என்னக் காப்பாத்தணும்னு சொல்றீங்க. அக்கா சொல்லிக் குடுத்திருக்கும்."

அடுப்படியில் இருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலையில் நின்றாள். "நீங்க போய்ச் சொன்னா உங்களைப் புடிப்பாங்களா?"

"புடிக்கலாம்."

"சொல்லலைன்னா இவனை."

"ஆமா."

"ரெண்டு பேரும் என் வீட்டு ஆளுங்க. இதை எங்கிட்டக் கேக்காதீங்க." உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்றைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நெடுநேரம் கேட்டது.

மறுநாள் காலையில் இவர் போவதற்குள் தோட்டத்து ஆட்கள் விரிப்பைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூணடியில் கிடந்த சதுரத்தை இவர் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கேட்கிற அளவுக்கு யாருக்கும் தைரியம் இல்லை. வாசலில் காவல்காரர் மட்டும், "எங்கண்ணே மெத்தையத் தூக்கிட்டு?" என்றார்.

"தூக்கம் வரல. அதான்."

பஸ்ஸில் கண்டக்டர் சுமைக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சண்டை பிடித்தார். வாங்கினார். நேரே பாதுகாப்பு ஆபீசரின் அலுவலகத்துக்குப் போனார். ஆபீசர் கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மாள். சதுரத்தை மேசைமேல் வைத்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். இவர் சொல்லி முடித்ததும் ஒரு ஸ்கேலை எடுத்து ரப்பரின் கனத்தைப் பார்த்தார். நாலு சென்டிமீட்டர். பிறகு பூங்காவின் ஸ்டோருக்குப் போன் போட்டு, கப்பல் வாசலுக்கு விரிப்பு கொடுத்தீர்களா என்று சாதாரணமாகக் கேட்டார். ஸ்டோர்காரரிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. "ஆமா மேடம், முப்பத்தாறு துண்டு. அந்தக் கோட்டுக்காரர் உயிரை வாங்கிட்டாரு. ஏன், இன்னும் வேணுமாமா?" என்றார்.

அம்மாள் போனை வைத்துவிட்டு எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார்: "இந்த நாப்பது நாள்ல எத்தனை குழந்தைங்க அளவு குறைச்சலா ஏறியிருப்பாங்க?"

"முன்னாடி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு பேரத் திருப்பி அனுப்புவேன் மேடம். இந்த நாப்பது நாள்ல ரெண்டு, மூணுதான். பிள்ளைங்க இப்பல்லாம் நல்லா வளருதுங்கன்னு நெனச்சேன். சண்டை கொறஞ்சுது. சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

அம்மாள் பேனாவை நிறுத்தி இவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "இதையும் எழுதிக்கறேன்" என்றார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

பூங்காவுக்கு அபராதம் போட்டு, மூன்று மாதம் பூட்டி, பிறகு திறந்தார்கள். மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். கோட்டுக்காரரை வேலையிலிருந்து நீக்கினார்கள். வழக்கு அவர்மேல் நடக்கிறது. ஆள் ஏறுகிற எந்த ராட்டினத்திலும் இனி அவர் வேலை பார்க்கக் கூடாது. இப்போது ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் என்று கேள்விப்பட்டார். போய்ப் பார்க்க இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் தெருமுனையிலிருந்து திரும்பினார்.

மைத்துனனைக் குற்றமில்லை என்று விட்டு, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் போனான். நாலாவது வரிசைக் கம்பியைக் காலையில் இழுக்க ஆரம்பித்தால் விடமாட்டான், முப்பது தடவை, நாற்பது தடவை. கப்பல் திறக்க நேரமாகிறது என்று தோட்டத்து நீர் மோட்டாருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி நிறுத்துமிடத்துக்கு வருவான். ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்காருவான்.

"மாமா, நெசமாச் சொல்லுங்க. அந்தக் கம்பி பூட்டியிருந்துச்சா?"

"பூட்டியிருந்துச்சு மச்சான். பாப்பா ரெண்டு விரல் குறைச்சல். நான்தான் விட்டேன்."

சரி என்று தலையாட்டுவான். இரண்டு வண்டி வந்து போகும். திரும்பவும் கேட்பான். கோட்டுக்காரர் சலித்துக்கொள்ள மாட்டார். கிழிக்கிற சீட்டைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து சொல்வார்.