ரேடியோ ரிப்பேர் இல்லீங்க, அது வயலின்

வானொலியில் பேசுகிற வேலையில் ஒரு பெரிய வசதி, கேட்கிறவர் நம்மை அணைக்கும் சத்தம் நமக்குக் கேட்காது. மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரி மாடியில் இயங்கும் சின்னச் சமுதாய வானொலியில் நான் அறிவிப்பாளர். காலையில் ஏலக்காய் விலை, மதியம் திராட்சைக்கு மருந்து அடிக்கும் முறை, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் புதிய செவ்வியல் இசை. வயலினுக்கும் பியானோவுக்கும் இந்தக் காலத்து ஆட்கள் புதிதாக எழுதுவது. நமக்குப் பிடித்ததை ஒருவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

முதலில் மாட்டியது நான்

ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் யோகா சொல்லிக்கொண்டிருந்தவர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். அந்த ஒரு மணி நேரத்தை எதை வைத்து நிரப்புவது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் சென்னையிலிருந்து ஒரு இசைக்குழு தங்கள் பதிவுகளை இலவசமாக அனுப்பி வைத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவைப் போட்டேன். செல்லோவில் ஒரே ஒரு சுரம். செல்லோ என்றால் வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும், உட்கார்ந்துகொண்டுதான் வாசிக்க முடியும். அந்தச் சுரம் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ஃபைல் சிக்கிக்கொண்டது என்று நினைத்து, எங்கள் ஒலிப்பதிவாளர் ஜோசப்பைக் கூப்பிட்டேன்.

அவர் வருவதற்குள் வயலின் வந்து சேர்ந்தது. செல்லோவின் சுரத்தோடு ஒட்டவும் இல்லை, விலகவும் இல்லை. பக்கத்தில் வந்து உரசிக்கொண்டே நின்றது. எனக்குக் கையெல்லாம் புல்லரித்துவிட்டது. ஜோசப் பின்னால் நின்று கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. முழுவதும் முடிந்து, மறுபடி முதலில் இருந்து போட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஃபைல்ல ஒண்ணும் கோளாறு இல்லக்கா. ஒங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு."

நடுவில் வந்த தென்னை

எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. கொஞ்ச நேரம் சத்தமே வராவிட்டால் நிலையம் நின்றுபோனதாக நினைத்துக்கொண்டு, கைவசம் இருக்கிற ஓர் அறிவிப்பைத் தானாகவே ஒலிபரப்பிவிடும். அது தெரியாமல் நான் ஒரு பியானோ இசையைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த இசையில் நாலு சுரம் வரும்; பிறகு நீண்ட மௌனம்; பிறகு இரண்டு சுரம்; மறுபடி மௌனம். அந்த மௌனம்தான் அதன் அழகே.

ஒவ்வொரு மௌனத்திலும், "தென்னை விவசாயிகளே, வேர்வாடல் நோயைக் கண்டு அஞ்ச வேண்டாம்!" என்று ஒரு கம்பீரமான குரல் புறப்பட்டது. டீ டம்ளரோடு நான் ஓடி வருவதற்குள் இசையே முடிந்துவிட்டது. வெட்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சின்னமனூரிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

"மேடம், இன்னிக்கி அருமை. அந்தத் தென்னை வர்ற எடமெல்லாம் ரொம்பப் பொருத்தமா வச்சிருந்தீக."

தையல்கடை ஜமீலாக்கா

கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் ஜமீலாக்கா, நிகழ்ச்சி முடிந்ததும் தவறாமல் போன் செய்வார். பாராட்டுவதற்கு அல்ல. "ரேடியோக்காரி, போன வாரமே பரவால்ல. இந்த வாரம் பூனைய மிதிச்ச மாதிரி இருக்கு" என்பார். பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒருநாள், "இத எழுதுன மனுசன் எந்தக் காலத்துல இருந்தாரு?" என்று கேட்டார். மனுசன் இல்லை, பெண், பெயர் நந்தினி, பதிவு அனுப்பிய சென்னைக் குழுவில்தான் இருக்கிறார் என்றேன். தையல் மெஷின் நின்றது. "உசுரோடயா?" என்றார். ஆமாம், சின்ன வயசுதான் என்றேன்.

"அப்ப இன்னும் எழுதுமே!"

கிளிக்கு ஒரு பென் டிரைவ்

கம்பத்திலிருந்து திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் நேரிலேயே வந்தார். பெயர் பாண்டி. நிகழ்ச்சியில் போட்ட வயலின் இசை முழுவதையும் பென் டிரைவில் ஏற்றித் தர முடியுமா என்று கேட்டார். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு ரசிகர் கிடைத்துவிட்டார்! நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்த இசை மிகவும் பிடித்தது என்று கேட்டேன். அவர் நெளிந்தார். பழம் பழுக்கிற சமயம், கிளி வந்து கொத்துகிறது, வெடி போட்டும் போகவில்லை, இதைப் பந்தலில் ஸ்பீக்கர் வைத்துப் போட்டால் போய்விடும் என்று தோன்றியதாம்.

எனக்கு முகம் சுருங்கிப்போனாலும் சென்னைக்காரர்களிடம் அனுமதி கேட்டு ஏற்றிக் கொடுத்தேன். அவர்களும் பெருந்தன்மையாகச் சிரித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து அவரைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, கிளி போய்விட்டதா என்று கேட்டேன்.

"எங்க மேடம்! கிளிக்குப் பழகிருச்சு. இப்ப எங்களுக்கும் பழகிருச்சு, போடலைன்னா வேல ஓட மாட்டேங்குது."

கை தட்டுவதா, வேண்டாமா

இதற்குள் எங்கள் நிலையப் பொறுப்பாளரான பேராசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. சினிமாப் பாட்டு போட்டால் விளம்பரமாவது வரும் என்றார். ஆள் கேட்கிறார்களா இல்லையா என்று ஒருமுறை காட்டுங்கள், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நான் நந்தினிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மூணாறு போகிற வழியில் ஒரு மாலை தேனியில் இறங்கி வாசிக்கிறோம் என்றார். ஒரு சர்ச் ஹால் கிடைத்தது. வானொலியில் கூவிக் கூவி அழைத்தேன்.

ஹாலில் பாதிக்கு மேல் ஆள் வந்துவிட்டார்கள். நந்தினி வயலின், அவர் தோழி செல்லோ. இத்தனை நாள் ஹெட்போனில் கேட்டவளுக்கு அன்றுதான் தெரிந்தது, செல்லோவைக் காதால் மட்டும் கேட்பதில்லை என்று. தரை வழியாக வந்து செருப்புக்குள் அதிர்ந்தது. கடைசியில் சத்தம் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. இருவரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாகிவிட்டார்கள். முடிந்ததா, இல்லையா? யாரும் கை தட்டவில்லை. பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போது பின்வரிசையில் இருந்து திராட்சைத் தோட்டத்துப் பாண்டி எழுந்தார்.

"முடிஞ்சிருச்சா தாயி, இல்ல மூச்சு வாங்குறீகளா?"

ஹாலே சிரித்தது. சிரிப்பு அப்படியே கைதட்டலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஜமீலாக்காவின் புகார்

எல்லோரும் வெளியே போகும்போது ஜமீலாக்கா மட்டும் எதிர்த்திசையில் மேடையை நோக்கி நடந்தார். எனக்குப் பகீரென்றது. பூனைக்கதையைச் சொல்லிவிடுவாரோ என்று குறுக்கே ஓடினேன். பேராசிரியர் வேறு பக்கத்திலேயே நிற்கிறார். அதற்குள் அக்கா நந்தினியின் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏத்தா, நடுவுல ஒரு எடத்துல மெதுவா எறங்கி எறங்கி வந்துச்சே, அங்கன ஏன் சட்டுனு நிப்பாட்டுன? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் அழுதிருப்பேன்ல! தொண்ட வரைக்கும் வந்துட்டு நின்னுபோச்சு."

நந்தினி வயலினை எடுத்து, அந்த இடத்தை மட்டும் ஜமீலாக்காவுக்காக மறுபடி வாசித்தார். இந்தத் தடவை நிறுத்தாமல், இறங்குகிற வரைக்கும் இறங்க விட்டார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப சரி" என்றார். கண்கலங்கி நின்ற எனக்கு அவமானமாக இருந்தது. பேராசிரியரும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்த பிறகு அது போய்விட்டது. மறுநாள் காலை அவர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"நிகழ்ச்சி இருக்கட்டும்மா. ஆனா அந்த அம்மா போன் பண்ணினா நீங்களே எடுத்துக்கங்க."

மொத்தத்தில் இந்த வேலையில் நான் கண்டுகொண்டது இதுதான்: ஒருவர் திட்டுவதற்காகவாவது கடைசிவரை கேட்கிறார் என்றால் அவருக்கு இசை பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள், ஆனால் அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது.