வெள்ள ஒத்திகையில் முதலில் தப்பியவை

மழைக்காலம் வருகிறதே என்று இன்று காலை எங்கள் பாயான் பாரு தாமான் குடியிருப்பில் வெள்ள ஒத்திகை வைத்தோம். சைரன் கேட்டதும் எல்லாரும் மண்டபத்துக்கு வர வேண்டும். சைரனை அழுத்தியது நான்.

பத்து நிமிடமாகியும் ஒருவரும் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், எல்லாருடைய காரும் மேம்பாலத்தில் வரிசையாக ஏறி நிற்கிறது!

வரிசையில் முதல் கார் பக்கத்து வீட்டு மணி அண்ணனுடையது.

"என்னண்ணே இது?"

"மனுசன் நடந்து வந்துருவான்லா. காடி நடக்குமா?"

"சரி, அக்கா எங்கண்ணே?"

அண்ணன் சாவியோடு வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் மனைவி, எங்கள் அக்கா, அவசரப் பையோடு வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "அடுத்த தடவ கழுத்துல நம்பர் பிளேட் மாட்டிக்கிறேன் தம்பி. அப்பவாச்சும் இவருக்கு என் ஞாபகம் வரட்டும்."

உங்கள் வீட்டில் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள். மேம்பாலத்தில் உங்கள் காரையும் பார்த்தேன்.